பாரம் இறங்கும் வழி

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூரைக் கடக்கிறவர்கள், சற்றே கண்ணை விழித்துப் பார்த்தால், ஊருக்குள் ஒருவிதக் கூரைகளும் ஊருக்கு வெளியே கரிசல் காட்டில் முற்றிலும் வேறொரு விதக் கூரைகளும் இருப்பதைக் காணலாம். ஊருக்குள் இருப்பவை நெருக்கமானவை. நாட்டு ஓடு, சீமை ஓடு, சுண்ணாம்புக் காரை போட்ட மட்டப்பா, கான்கிரீட்டுத் தளம், தகரம் என்று நூறு வருஷத்துக் கட்டடச் சரித்திரம் ஒரே தெருவில் கலந்து கிடக்கும். வெளியே இருப்பவையோ, ஒன்றுக்கொன்று நெருங்க அஞ்சியவை போல விலகி விலகி, வேலிக்கருவைப் புதர்களுக்கு இடையே தனித்தனியாய் நிற்கும் சிறு சிறு அறைகள். பக்கத்துக்கு ஒரு வாசலும், அருகே உயர்ந்த கம்பத்தில் இடிதாங்கியும் உடையவை. அவை பட்டாசு ஆபீஸ் என்று இங்கே சொல்லப்படும் பட்டாசு ஆலையின் அறைகள். முதல்வகைக் கூரைகளின் கீழே உறங்கி எழுகிற ஜனங்களில் பலர், பகற்பொழுதை இரண்டாம் வகைக் கூரைகளின் கீழே கழிக்கிறார்கள். ஒரே மனிதரின் தலைக்கு மேல் இரவில் ஒன்றும் பகலில் ஒன்றுமாக நிற்கும் இந்த இரண்டு கூரைகளையும் எவை தாங்குகின்றன, எவ்வாறு தாங்குகின்றன என்கிற விசாரம் எனக்கு நெடுநாளாக உண்டு.

வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாசற்காலின் வேலைப்பாட்டையும் திண்ணையின் வழவழப்பையும் சிலாகிப்பார்கள். கைமரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழைநீர் ஒழுகினால் மட்டும் அண்ணாந்து பார்த்து, ஓட்டைக் குறை சொல்லி, மறுபடி தலையைத் தாழ்த்திக்கொள்வது நம் வழக்கம். ஆனால் கூரை என்பது ஓடன்று. ஓடு வெயிலையும் மழையையும் தடுக்கும் மேற்போர்வை மாத்திரமே. அதைத் தாங்கி நிற்பதற்கென்று, மேலிருந்து கீழாக, ஒன்றன் பாரத்தை ஒன்று வாங்கிக் கைமாற்றிக் கொடுக்கிற ஒரு பரம்பரையே இருக்கிறது. ஓட்டின் பாரத்தை ரீப்பர் என்னும் மெல்லிய குறுக்குச் சட்டம் வாங்குகிறது. ரீப்பரிடமிருந்து கைமரம் வாங்கி, மேல்முனையில் முகட்டு வளையிலும் கீழ்முனையில் சுவர்த்தலையிலும் இறக்குகிறது. முகட்டு வளை அதைத் தூணுக்கோ குத்துக்காலுக்கோ தந்துவிடுகிறது. தூணும் சுவரும் அஸ்திவாரத்திடமும், அஸ்திவாரம் மண்ணிடமும் ஒப்படைக்கின்றன. இடையில் ஏதாவது ஓரிடத்தில் வாங்குகிற கை தளர்ந்துவிட்டால், அங்கேதான் வீடு விழும். கட்டடக் கலையின் நிர்த்தாட்சண்யமான விதி இது: பாரம் எப்படியாவது பூமிக்கு வந்து சேர்ந்தாக வேண்டும், நாம் வழி அமைத்துக் கொடுத்தால் அவ்வழியே வரும், கொடுக்காவிட்டால் தன் வழியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

இதில் முதற்பார்வைக்குப் புலப்படாத ஒரு சூட்சுமமும் உண்டு. பாரம் செங்குத்தாகக் கீழே மட்டுமே இறங்குமென்று நாம் எண்ணுகிறோம். சரிவுக் கூரையில் அப்படி அன்று. வழவழப்பான தரையில் இருவர் முதுகோடு முதுகு சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்தால், சிறிது நேரத்தில் இருவருடைய கால்களும் எதிரெதிர்த் திசையில் வழுக்கத் தொடங்கும் அல்லவா? முகட்டிலே தலைகூடிச் சாய்ந்திருக்கும் இரண்டு கைமரங்களின் நிலையும் அதுவே. அவற்றின் அடிமுனைகள் சுவரை வெளிப்புறமாக இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பழைய ஓட்டு வீடுகளில் மண்சுவர் மேலே போகப்போக வெளியே சாய்ந்து, மூலையில் செங்குத்தாக விரிசல் விட்டிருப்பதைக் கண்டால், சுவர் கட்டிய கொத்தனாரைப் பழிக்க வேண்டாம். சுவருக்குச் சுவர் குறுக்கே போட வேண்டிய விட்டத்தைச் சிக்கனம் கருதி விட்டுவிட்டவரையே பழிக்க வேண்டும். அந்தக் குறுக்கு விட்டம் எதையும் சுமக்கவில்லை என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். பரண்பலகை போடவும் தொட்டில் கட்டவும் ஏற்பட்டது என்றே வீட்டார் நினைப்பார்கள். உண்மையில், விலகி ஓடப் பார்க்கும் இரண்டு கைமரங்களையும் கால் நழுவவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பது அதுவே. இரண்டு சாய்மரங்களும் ஒரு குறுக்குமரமும் கூடி முக்கோணமாகிவிட்டால், பிறகு அந்த வடிவத்தை எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும், மரம் முறியுமே தவிர, வடிவம் குலையாது. நாற்கோணத்துக்கு இந்தப் பாக்கியம் இல்லை. நான்கு சட்டங்களை ஆணியடித்துச் சேர்த்தால், ஒரு மூலையைத் தள்ளிய மாத்திரத்தில் அது சாய்சதுரமாகச் சரிந்துவிடும். பல தேசத்துத் தச்சர்களும் கூரைக்கு முக்கோணத்தை நாடியிருப்பதன் காரணம் இதுதான்.

ஆமத்தூரில் ஒரு பழைய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகளை இறக்கி முற்றத்தில் அடுக்கியாகிவிட்டது. ரீப்பர்களும் போய், கைமரங்கள் மட்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றன. கூரையின் எலும்பைப் பிரத்தியட்சமாகக் காண்பதற்கு அதைவிட நல்ல தருணம் கிடைக்காது என்று உள்ளே போனேன். எல்லாம் பனை. நூறு வருஷப் புகையும் தூசியும் படிந்து தார் பூசியது போல இருந்தன. ஆனால் ஆசாரி ஒன்றின் மேல் வாச்சியால் இலேசாகச் சீவியதும், கருமையான நரம்புகள் நெடுகிலும் ஓடிய, எண்ணெய் பூசினாற்போல் மினுமினுக்கிற வைரம் வெளிப்பட்டது. வாச்சி பட்ட இடத்தில் இரும்பைத் தட்டின நாதம். சுவருக்குள் புதைந்திருந்த முனையையோ அவர் கட்டைவிரலால் அழுத்தியதும், ஈரம் ஏறிக் கறையான் தின்ற இடம் மாவாக உதிர்ந்தது. "நடுவில இது இன்னும் நூறு வருஷம் நிக்கும் அண்ணாச்சி. சுவத்துக்குள்ள போற மொனையிலதான் எப்பவும் சாவு. தார் பூசி வச்சிருந்தா இதுவும் நின்னிருக்கும்" என்றார்.

எல்லாக் கைமரங்களும் அகலப் பக்கம் படுக்காமல், ஒடுங்கிய பக்கத்தில் நிமிர்ந்து நின்றிருந்தன. ஏன் என்று கேட்டேன். கேட்கத் தகாத பாலபாடத்தைக் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "படுக்கப் போட்டா தொங்கும், நிக்க வச்சாத்தான் செமக்கும். எங்கப்பா சொன்னது" என்று வேலையைத் தொடர்ந்தார். அவருடைய தகப்பனார் சொன்னதை, பொறியியல் சாஸ்திரம் கணக்காகச் சொல்கிறது. 6 அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் உள்ள ஒரு சட்டத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்தால், அதன் பலம் 2 மடங்காகிறது. வளையாமல் நிற்கும் விறைப்போ 4 மடங்காகிறது. ஒரு சல்லி அதிகச் செலவில்லை. ஒரு துண்டு அதிக மரமில்லை. வைக்கிற விதம் ஒன்றுதான் வித்தியாசம். இதற்கு மறுபுறமும் உண்டு. அதே சட்டத்தை, அடிக்கு அடி அதே பாரத்தோடு, 2 மடங்கு நீளத்துக்குப் போட்டால், நடுவில் அது தொங்குகிற தொங்கல் 16 மடங்காகிவிடும். ஆகையால்தான் நம்முடைய பழைய வீடுகளின் அறைகள் எல்லாம் நீளம் எவ்வளவு இருந்தாலும் அகலத்தில் ஒடுங்கியே இருக்கின்றன. அகலத்தைத் தீர்மானித்தவர் வீட்டுக்காரர் அல்லர். காட்டில் கிடைத்த மரம்.

பனையின் அமைப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. தேக்கு, வேம்பு முதலான மரங்களுக்கு நடுவில் வைரம், ஓரத்தில் இளங்கட்டை. பனைக்கு நேர்மாறாக, ஓரத்தில் வைரம்; நடுவில் வெறும் சோறு. ஒரு மரம் வளையும்போது அதன் விளிம்புப் பகுதிகளே அதிகமாக உழைக்கின்றன, நடுப்பகுதி ஏறக்குறையச் சும்மாவே இருக்கிறது என்கிற உண்மையை, இரும்புக் கர்டரை மேலும் கீழும் தடித்து நடுவில் மெலிந்ததாக வார்த்த பொறியாளர்கள் கண்டுகொள்வதற்கு யுகங்களுக்கு முன்பே, காற்றில் ஆடி ஆடி நிற்க வேண்டியிருந்த பனை கண்டுகொண்டிருக்கிறது. அந்த வைரத்தைப் பிளந்து எடுத்துத்தான் கரிசல் காட்டு ஏழைகள் கூரை போட்டார்கள். மேலே ஓலையும் அதே மரத்தினுடையது. இன்று பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-இல் அரசாங்கம் அறிவித்திருக்கிறது. செங்கற்சூளைக்கு விறகாகப் போய்க்கொண்டிருந்த ஜாதிக்கு அது அவசியமான காப்புத்தான்.

வசதி படைத்தவர்களுக்குப் பனை போதவில்லை. ரங்கூனோடு வியாபாரத் தொடர்பு ஏற்பட்ட காலத்தில், கப்பலில் வந்திறங்கிய பர்மாத் தேக்கு தென்னாட்டுக் கட்டடங்களின் அகலத்தையே மாற்றிவிட்டது. செட்டிநாட்டு வீடுகளின் விசாலமான பட்டாலைகளில் அதன் விசுவரூபத்தைக் காண்கிறோம். விருதுநகரில் பருத்தியும் பயறும் வற்றலும் அடுக்கிய கிட்டங்கிகளுக்கும் அகலமான கூரை வேண்டியிருந்தது. ஓட்டிலும் ஒரு மாறுதல் வந்தது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் ஓட்டுத் தொழிற்சாலை ஏற்படுத்தினார். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்தச் சீமை ஓடு, இரண்டு மூன்று அடுக்காகக் கவிழ்த்துப் போட வேண்டிய நாட்டு ஓட்டைவிடக் கூரையின் பாரத்தைக் குறைத்தது. ஆனால் கைமரங்கள் ஒரே மட்டத்திலும், ரீப்பர்கள் ஒரே இடைவெளியிலும் இருந்தாலன்றி அது உட்காராது. கோணல்மாணலான மரத்தையும் அனுசரித்துக்கொண்டுபோன நாட்டு ஓட்டின் பெருந்தன்மை அதற்கில்லை. இதனால் தச்சரின் கை நுட்பப்பட்டது என்றும் சொல்லலாம். வளைந்த மரத்துக்கு வீட்டில் இடமில்லாமற் போயிற்று என்றும் சொல்லலாம்.

மரமே வேண்டாமென்று கல்லை நம்பியவர்களின் கதை வேறு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. அத்தனை தூண்களையும் சிற்பிகளின் ஆடம்பரம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. எத்தனை பாரத்தை மேலே வைத்து நசுக்கினாலும் பொறுத்துக்கொள்ளும் கருங்கல், இழுப்பைச் சிறிதும் பொறாது; கிடையாகப் போட்ட கல் உத்தரம் தன் பாரத்தாலேயே தொங்க முற்படும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது; சற்று நீளம் கூடினால் பளீரென்று பிளந்துவிடும். ஆகவே உத்தரத்தைக் குட்டையாக்கி, தூண்களை நெருக்கி, தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டும் போதிகையை வைத்து, எஞ்சிய இடைவெளியையும் குறைத்தார்கள். தூண்களின் கூட்டம் என்பது கல்லின் பலவீனத்துக்குச் செய்த சமாதானம். அந்தச் சமாதானத்தையே சௌந்தரியமாக மாற்றியது நம் சிற்பிகளின் சாமர்த்தியம். அதே மதுரையில் திருமலை நாயக்கர் மகாலின் சொர்க்கவிலாசத்தில், செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே கொண்டு, விட்டமோ உத்தரமோ இன்றி, வளைவுகளின் மேல் விதானம் எழுப்பியிருக்கிறார்கள். வளைவில் எல்லாமே நசுக்கந்தான். இழுப்பு என்பதற்கே இடமில்லாதபடி பாரத்தை வளைத்துக் கொண்டுபோய்த் தூணில் சேர்த்துவிடுகிற யுக்தி அது. இவ்வளவு கல்லும் காரையும் சூழ்ந்த தமிழ்நாட்டில், சிதம்பரத்துச் சிற்றம்பலம் மரத்தாலேயே நிற்கிறது. அதன் பொற்கூரையைத் தாங்கும் 64 கைமரங்களை 64 கலைகள் என்றும், 21,600 பொன்னோடுகளை மனிதன் ஒருநாளில் விடும் மூச்சுகள் என்றும் சம்பிரதாயம் கணக்குச் சொல்லும். கைமரத்தை ஒரு பொருட்டாக மதித்து எண்ணிவைத்த இடம் நான் அறிந்தவரை அது ஒன்றே.

நம்முடைய கரிசல் பூமிக்குத் திரும்புவோம். மேலே சொன்ன பரம்பரையில் கடைசிக் கை மண் என்றேன் அல்லவா? ஆமத்தூர்ப் பக்கத்து மண் நம்பத்தகாத கை. மழை பெய்தால் கரிசல் உப்பி எழும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் ஆழமில்லாமல் நின்ற சுவர் வருஷந்தோறும் ஏறி இறங்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாக ஏறி இறங்கினால் பாதகமில்லை, ஒரு மூலை ஏறி மறுமூலை இறங்குவதுதான் ஆபத்து. பனங்கைமரமும் ஓடும் இந்த அசைவுக்கு ஓரளவு வளைந்து கொடுத்தன. ஓடு நான்கு இடத்தில் விலகினால் ஆள் ஏறிச் சரிசெய்துவிடலாம். கான்கிரீட்டுத் தளத்துக்கு அந்த விட்டுக்கொடுக்கும் சுபாவம் கிடையாது. கரிசலைக் கடந்து கெட்டித்தரை காணும்வரை தோண்டி அஸ்திவாரம் போட வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதன் பொருள், கூரையின் ஆயுள் தரைக்குக் கீழே நிர்ணயமாகிறது என்பதுதான்.

கான்கிரீட்டுத் தளம் இன்று எல்லாக் கூரைகளையும் வென்றுவிட்டது. அதைக் குறைகூற எனக்கு விருப்பமில்லை; ஓலைக்கூரையின் கீழே மழைக்காலத்துக்கும் நெருப்புக்கும் நடுங்கிக் கிடந்தவர்களுக்கு அது கொடுத்த நிம்மதி சாமானியமானதன்று. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-இல் பள்ளிக்கூடமொன்றின் கீற்றுக் கூரை தீப்பற்றி, எரியும் கீற்றும் மூங்கிலும் குழந்தைகள் மேலேயே சரிந்து, 94 குழந்தைகள் மாண்டதற்குப் பிறகு, ஓலைக் கூரையின் குளிர்ச்சியைப் பற்றி ரசனையோடு எழுதுவது எந்த எழுத்தாளனுக்கும் கூசுகிற காரியம். ஆனால் கான்கிரீட்டின் பலம் எத்தகையது என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஏனெனில் ஊருக்கு வெளியே நிற்கும் அந்தச் சிறிய அறைகளின் விதி இதில் அடங்கியிருக்கிறது.

கான்கிரீட்டு கருங்கல்லின் தம்பி. நசுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. தளம் தன் பாரத்தாலும் மேலே நடமாடுகிறவர்களின் பாரத்தாலும் நடுவில் தொங்கப் பார்க்கும்போது, அதன் மேற்புறம் நசுங்குகிறது; அடிப்புறம் இழுபடுகிறது. அந்த இழுப்பை வாங்கிக்கொள்ளத்தான் கம்பி. ஆகையால், சுவரின் மேல் உட்காரும் சாதாரணமான சிறு அறையின் தளத்தில், நடுப்பகுதியில் கம்பியை அடிப்புறமாகவே கட்டுகிறார்கள். கம்பி கட்டுகிறவர் கீழே சிறு சிறு கவர் பிளாக்குகளை வைத்து, அதன் மேல் கம்பியை நிறுத்தி, மேலே கான்கிரீட்டைக் கொட்டச் செய்வதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். அங்கே மேற்புறத்தில் கம்பி இல்லை. அதற்கு அவசியமும் இல்லை. பாரம் எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும் என்கிற நம்பிக்கையின் மேல் போட்ட தளம் அது. வீட்டில் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை.

பட்டாசு அறையில் பொய்க்கிறது. மருந்து கலக்கும்போதோ செலுத்தும்போதோ உராய்வினால் ஒரு பொறி எழுந்து, அறைக்குள் இருப்பது எல்லாம் கணப்பொழுதில் வாயுவாக மாறினால், அந்த வாயு நான்கு சுவரையும் வெளியேயும், தளத்தை மேலேயும் தள்ளுகிறது. 4 அங்குலக் கனமுள்ள தளம், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ எடையுள்ளது. 10 அடிக்கு 10 அடி அறையின் மேல் 2 டன்னுக்கு மேற்பட்ட பாரம் உட்கார்ந்திருக்கிறது. கேட்பதற்கு மலைப்பாக இருக்கிறது. ஆனால் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் சாதாரண அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கு அறைக்குள் கூடுதலாக ஏற்பட்டாலே போதும், அந்தத் தளத்தின் எடை முழுதும் இல்லையென்று ஆகிவிடும். அதற்கு மேல் ஏற்படுகிற ஒவ்வொரு பங்கும் தளத்தை மேல்நோக்கி வளைக்கிறது. இப்போது இழுபடுவது கம்பி இல்லாத மேற்புறம். அங்கே தடுப்பார் இல்லை. தளம் நடுவில் பிளக்கிறது. இதற்குள் சுவர்கள் வெளியே சாய்ந்து, தாங்க வேண்டிய இடத்தை விட்டு விலகிவிடுகின்றன. பிறகு நடப்பது வழக்கமான கதை: அழுத்தம் தீர்ந்துபோக, பூமியின் ஆகர்ஷணம் மட்டும் மிஞ்ச, அந்த 2 டன்னும் உடைந்து, கம்பியில் தொங்கிக்கொண்டு, எங்கிருந்து எழுந்ததோ அங்கேயே வந்து விழுகிறது. வெடித்த தீயில் உயிர் பிழைத்திருக்கக்கூடியவரும் அதன் அடியில் கிடக்கிறார். விபத்துச் செய்தியோடு வெளிவரும் படங்களில், மண்வாரி இயந்திரம் தளத்தின் துண்டங்களைப் புரட்டிக்கொண்டிருப்பதை எத்தனை முறை பார்த்துவிட்டோம்!

வெடிமருந்துக் கட்டடத்துக்கு உறுதியான கூரை சத்துரு என்கிற இந்த விஷயம் புதியதன்று. அமெரிக்காவில் டெலவேர் மாகாணத்தில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில், 1802-இல் டுபாண்ட் குடும்பத்தார் கருமருந்து ஆலை அமைத்தபோது, ஒவ்வொரு கூடத்துக்கும் மூன்று பக்கம் கனத்த கற்சுவரும், ஆற்றைப் பார்த்த நாலாவது பக்கத்துக்கு மெல்லிய மரத்தடுப்பும், அத்திசையில் சரிகிற இலேசான கூரையும் வைத்தார்கள். வெடித்தால் கூரையும் தடுப்பும் ஆற்றுப் பக்கமாகப் பறந்துபோகும். பக்கத்துக் கூடம் தப்பும். அந்தக் கற்கூடங்கள் இன்றும் நிற்கின்றன. ஆயினும் அந்த ஏற்பாட்டின் தயை யார் மீது என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்துக் கூடம் தப்பியது. அந்தக் கூடத்தில் இருந்தவர் தப்பவில்லை. 1857-இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த அலெக்ஸி டுபாண்டே ஒரு வெடிப்பில் மாண்டார். 1921-இல் ஆலை மூடப்படும்வரை 288 வெடிப்புகளில் 228 பேர் இறந்தார்கள் என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். இறந்தவரைப் பற்றித் தொழிலாளர்கள், ஆற்றுக்கு அக்கரை போய்விட்டார் என்று சொல்லிக்கொள்வார்களாம்.

1922-இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய நாள் முதல் இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டு வருவது நெருப்புத்தான். மழை பொய்க்கும் மானாவாரிக் காட்டில் அதற்கு மாற்று எளிதில் அகப்படாது என்பதையும் நான் மறக்கவில்லை. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் வருஷத்து விதிகளும் இருக்கின்றன. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட வேண்டும், நால்வருக்கு மேல் ஓர் அறையில் உட்காரலாகாது, கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றெல்லாம் கண்டிப்பு உண்டு. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-இல் பட்டாசு ஆலை வெடித்து, உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்தவர்களையும் சேர்த்து, ஏறக்குறைய நாற்பது பேர் மாண்டபோதும் சரி, அதற்குப் பின்னர் நேர்ந்த ஒவ்வொரு விபத்தின்போதும் சரி, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எவ்வளவு மருந்து இருந்தது என்கிற கேள்விகளே முதலில் எழுந்தன. எழ வேண்டிய கேள்விகள்தாம். தலைக்கு மேலே என்ன இருந்தது, அதை எவை தாங்கின, எவ்வாறு பூட்டியிருந்தன என்கிற கேள்வி அவ்வளவு உரக்க எழுந்து நான் கேட்டதில்லை.

கூரையை இலேசாக்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. ஆமத்தூர் வெயில் இடையிலே வந்து நிற்கிறது. சித்திரை வைகாசியில் தகரத்தின் கீழே அரை நாழிகை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அறையன்று, அடுப்பு. சூடேறிய மருந்து சிறு உராய்வையும் பொறுக்காது. வேர்த்து ஓய்ந்த கை அவசரப்படும். வெயிலுக்கு அஞ்சிக் கனமான தளம் போடுகிறவர், தாம் தொழிலாளியின் நன்மைக்கே செய்வதாக மனப்பூர்வமாக நம்பலாம். வெப்பம் கனத்த கூரையைக் கேட்கிறது. வெடிப்பு இலேசான கூரையைக் கேட்கிறது. இரண்டையும் ஒருசேரத் திருப்தி செய்வது கடினமே தவிர, அசாத்தியமன்று என்பது என் அபிப்பிராயம். சுவரை உயர்த்தி, இரும்புச் சட்டங்களின் மேல் சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேற்படாத தகடுகளைப் போட்டு, அதன் கீழே காற்று ஓட இடம் விட்டு இரண்டாவது மென்போர்வை ஒன்றைக் கொடுக்கலாம். தகடுகளைச் சட்டத்தோடு பூட்டும் கொக்கிகளை, கோடைச் சூறாவளியின் இழுப்புக்குத் தாங்கி, வெடிப்பின் உந்தலுக்கு விட்டுக்கொடுக்கும் அளவாகத் தேர்ந்தெடுக்கலாம். கழன்ற தகடு கத்தியாகப் பறந்துபோகாமல் ஓரத்தில் சங்கிலியால் கட்டிவைக்கலாம். சுவர்களின் தலையைச் சுற்றி ஒரு கான்கிரீட்டு வளையம் ஓடினால், கூரை போன பிறகும் சுவர் எளிதில் சாயாது. வீட்டுக் கூரையைத் தாங்கும் உறுப்பு எந்தக் காலத்திலும் விடக்கூடாது. இங்கே அதுவே, விட வேண்டிய கணத்தில் விட்டுவிட வேண்டும். இரண்டாவது வேலை முதலாவதைவிட அதிகக் கணக்கைக் கேட்கும் வேலை. அதை, கிடைத்த கம்பியையும் கிடைத்த ஆளையும் வைத்து முடித்துவிடுகிற விஷயமாக நாம் கருதிவருகிறோம்.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் குறைவில்லை. பட்டாசு உற்பத்தியாளர்களிடம் பணத்துக்கும் குறைவில்லை. இருதரப்பாரும் சேர்ந்து, ஆட்கள் எவரும் அண்டாத தரிசு நிலமொன்றில், இன்று வழக்கிலுள்ள தளம் போட்ட அறை ஒன்றையும் இலேசான கூரை போட்ட அறை ஒன்றையும் முழு அளவில் கட்டி, விதி அனுமதிக்கும் அளவு மருந்தை உள்ளே வைத்து, தூரத்திலிருந்து வெடிக்கச் செய்து பார்க்கட்டும்; எந்தக் கூரை எங்கே விழுந்தது என்பதைப் படத்தோடும் அளவோடும், ஆமத்தூர்க் கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் படித்துத் தெரிந்துகொள்ளும் தமிழில், சிறு புத்தகமாக அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கட்டும். ஏற்கனவே யாராவது செய்திருந்தால், அந்த முடிவுகளை அலமாரியிலிருந்து எடுத்து வெளியிடட்டும். அடுத்த தீபாவளிக்கான வேலை தொடங்குவதற்கு முன்பே செய்துவிடக்கூடிய காரியம் இது.